மாறுகண் பலகை

அத்தியாயம் 7

"பல்கலைக்கழகத்துக்குத் தண்ணிக் கஷ்டமா என்னக்கா? இந்தக் கட்டடத்தை ஒரு தரமாவது குளிப்பாட்டியிருக்கலாம்" என்றான் பட்டாசு.

அக்கா சிரிக்கவில்லை. காலையிலிருந்து இது ஐந்தாவது ஜோக். ஐந்தும் நமுத்துப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

ஊருக்கு அவள் துப்பறியும் அம்மாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் எரிந்த கடைகளையும் முழுகிய படகுகளையும் பார்த்துவிட்டு, யார் அழுதாலும் சட்டென்று நம்பிவிடாத கண்ணோடு வெளியே வந்து தனியாக ஆபீஸ் போட்டவள். பட்டாசுக்கு மட்டும் அக்கா. அவன் அவளுக்கு டிரைவர், டைப்பிஸ்ட், ஏணி பிடிக்கிற ஆள், எங்காவது அடி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்கிற ஆள்.

கலைத்துறைக் கட்டடம் அவர்கள் தலைக்கு மேல் நின்றது. உலகப் போர் முடிந்து, பழைய அலங்காரமெல்லாம் போதும், இனிமேல் எல்லாம் புதுசு என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுப்பியது. தரைத்தளத்தில் சுவரே கிடையாது, வெறும் தூண்கள். காற்றும் நாயும் இஷ்டத்துக்குப் போய் வரலாம். மேலே ஐந்து மாடி. ஜன்னல்களுக்கு முன்னால் வெயிலைத் தடுக்கக் கான்கிரீட் பட்டைகள். நடுவில் மாடிப்படி, வானம் வரைக்கும் திறந்த கிணறு மாதிரி. சிமெண்ட் பூச்சு எங்கேயும் இல்லை. கான்கிரீட்டை எந்தப் பலகைக்குள் ஊற்றினார்களோ அந்தப் பலகையின் ரேகை, கணு, கீறல் எல்லாம் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. நாற்பது வருஷத்து மழை அதன் மேல் கறுப்பாக வழிந்திருந்தது.

அந்தக் கிணற்றின் அடியில்தான், இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணிக்கு, இந்தக் கட்டடத்தின் ஆவணக் காப்பாளர் விழுந்து கிடந்தார். நாலாம் மாடியிலிருந்து குதித்துவிட்டார் என்றது பல்கலைக்கழகம். ஆமாம் என்று எழுதிக்கொண்டது போலீஸ்.

இல்லை என்றவள் அவருடைய மனைவி ஒருத்திதான்.

"அவர் குதிக்கல மேடம்" என்று அக்காவின் ஆபீஸில் உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள். "அவரோட அப்பா இதே கட்டடத்துல பலகை அடிச்ச தச்சர். இவர் ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போது, கட்டட வேலை பாதியில இருக்கப்ப, இவரோட அம்மாவை விட்டுட்டு எங்கயோ ஓடிட்டார். ஓடிப்போனவன் மகன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் இவர். நான் மட்டும் யாரையும் விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஆயிரம் தரம் சொல்லியிருக்கார். இப்ப என் ஒன்பது வயசுப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க, உங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தானான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

போலீஸ் திருப்பிக் கொடுத்த பொட்டலத்தில் ஒரு கட்டைப் பென்சிலும் நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தன. சுவரில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த இரண்டு மர ரேகைகள். ஒன்றின் கீழே 'மேல்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் கீழே 'கீழ்'. இரண்டுக்கும் நடுவில் 'எது முன்னால்?' என்று ஒரு கேள்வி.

அவ்வளவுதான் துப்பு. ஆறு நாளாக அக்கா அந்தக் காகிதத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்கூட வைத்துக்கொண்டிருந்தாள்.

*

"வாங்க, வாங்க" என்று தூண்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

புரொஃபசர். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் நாள் தவறாமல் வருகிறவர். இந்தக் கட்டடம் எழும்பியபோது இளம் இன்ஜினியராக நின்று வேலை வாங்கியவர். அப்புறம் இங்கேயே பாடம் சொன்னவர். 'ஒரு கட்டடத்தின் கதை' என்று சின்னப் புத்தகமும் எழுதியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி, வெள்ளைச் சிரிப்பு. இதை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் கட்டவேண்டும் என்று பதிவாளர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன், பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியே தீருவேன் என்று புரொஃபசர் கமிட்டி போட்டிருக்கிறார். அடுத்த வாரம் தீர்ப்பு.

"பாவம் அந்தப் பையன்" என்றார் புரொஃபசர், மாடி ஏறிக்கொண்டே. "ஓடிப்போன தச்சனோட மகன்னு தெரிஞ்சுதான் நானே வேலை வாங்கிக் கொடுத்தேன். சொந்த மகன் மாதிரி. மனசு அடிக்கடி உடைஞ்சு போவான். பதிவாளர் வேற எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டார்."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"கட்டடத்தோட சரித்திரத்தை அவன் எழுதிக்கிட்டிருந்தான். சரித்திரம் இருந்தா இடிக்க முடியாதே!" புரொஃபசர் நின்று சுவரைத் தடவினார். "இதை வரைஞ்சவர் ஒரு மேதை. பூச்சு பூசினா கட்டடம் பொய் சொல்லும்பார். எவனாவது தெரியாம ஒரு மூலையில பூசினாலும் தன் கையாலேயே கொத்தி எடுத்துடுவார். வாங்க, மொட்டை மாடியிலேருந்து பார்த்தாத்தான் அழகு."

"கீழ்த்தளம் ஒண்ணு இருக்காமே?"

"பைப்பும் எலியும்தான்."

அக்கா பட்டாசைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, நீ கழன்றுகொள் என்று அர்த்தம். "எனக்கு முழங்கால் வலி சார், நீங்க போங்க" என்று இருபத்தாறு வயசு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பட்டாசு படியிலேயே உட்கார்ந்தான்.

அவர்கள் மேலே மறைந்ததும் மாடி மாடியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தான். இரண்டாம் மாடியில் கண் பூத்துவிட்டது. பலகை, பலகை, பலகை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடு என்று அக்கா சொல்லியிருந்தாள். விளக்கெண்ணெய்க்கு எங்கே போவது? மூன்றாம் மாடி வராந்தாவின் கோடியில், இடுப்பு உயரத்தில், அது அவனைப் பார்த்தது. ஒரு பலகையில் இரண்டு கணு. ஒன்று நேராகப் பார்க்க, இன்னொன்று மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தது. அச்சு அசல் மாறுகண். காகிதத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தான். 'மேல்' என்று எழுதியது இதேதான்.

"சுவரோட என்னய்யா ரகசியம் பேசறே?"

பதிவாளர். கறுப்புக் கோட்டு, கையில் நோட்டு, முகத்தில் கடுகடுப்பு.

"கட்டடம் ஏதோ சொல்லுது சார், காது மந்தம், அதான் கிட்டப் போய்க் கேட்டேன்."

"கீழே வாசல்ல நோட்டுல கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன் சார்."

"யார் வந்தாலும் எழுதணும். நான் வந்தாலும் எழுதணும். என் சொந்த மாமனார் வந்தப்பகூட எழுத வச்சேன்." அவர் சுவரை அருவருப்போடு பார்த்தார். "இந்தப் பூதம் போகட்டும், இந்த ஊருக்கே வெளிச்சம் வரும். அஸ்திவாரத்தோட பேர்க்கச் சொல்லியிருக்கேன்."

"அந்த ஆவணக் காப்பாளரைச் சத்தம் போட்டீங்களாமே?"

பதிவாளரின் காது சிவந்தது. "போட்டேன். மறுநாளே மன்னிப்பும் கேட்டேன். அதை உங்கிட்ட யாரும் சொல்லியிருக்கமாட்டாங்களே!" என்று விறுவிறுவென்று போய்விட்டார்.

இவன்தான் என்று பட்டாசு மனசுக்குள் விலங்கு மாட்டிவிட்டான். மூக்கில் வேர்வை, குரலில் கோபம், கையில் காரணம். இதற்கு மேல் ஒரு கொலைகாரனுக்கு என்ன வேண்டும்?

*

கீழ்த்தளச் சாவி காவலாளியின் கூண்டில் ஆணியில் தொங்கியது. அக்கா மொட்டை மாடியிலிருந்து புரொஃபசரைத் தலைவலி என்று சொல்லிக் கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

"நோட்டுல எழுதுங்கம்மா" என்றார் காவலாளி. "எழுதலைன்னா பதிவாளர் என் தோலை உரிப்பார்."

அக்கா பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். அந்தச் சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றரைக்கு ஆவணக் காப்பாளர் சாவி வாங்கின கையெழுத்து இருந்தது. திருப்பிக் கொடுத்த கையெழுத்து இல்லை.

"செத்துப்போன மனுஷன் எங்க திருப்பிக் கொடுக்கறது?" என்றார் காவலாளி. "மூணு மணிக்குத் தொப்புன்னு சத்தம் கேட்டுது. ஓடினேன். சாயந்திரம் வரைக்கும் உடம்புகிட்டயே நின்னேன். கூண்டுக்குத் திரும்பி வந்து பார்த்தா, சாவி ஆணியில சமர்த்தாத் தொங்குது."

"கதவு?"

"பூட்டியிருந்துது."

"அன்னிக்கு வேற யார் உள்ள வந்தாங்க?"

"நோட்டுல ஒரு ஈ காக்கா இல்லைம்மா."

"பதிவாளர்?"

"வந்தா அவரே எழுதுவாரு. எழுதலை, வரலை."

பட்டாசு மாட்டிய விலங்கு லேசாகக் கழன்றது. அக்கா நோட்டை மூடினாள். "எழுதாம யாராவது உள்ள போகமுடியுமா?"

காவலாளி யோசித்தார். "நிதம் வர்ற மனுஷங்களைப் போய் எழுதச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

*

சரிவுப் பாதையின் கோடியில் இரும்புக் கதவு. உள்ளே பழைய நாற்காலிகளின் முதுகெலும்புகள், தலைக்கு மேல் பைப், மூக்கில் ஈரம். ஒற்றை பல்பு எரிந்தது. கடைசிச் சுவரில், ஆள் உயரத்தில், ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் கீறிய ஒரு தேதி இருந்தது. அதன் கீழே ஒரு சுழித்த கையெழுத்து.

"புரொஃபசரோடது" என்றாள் அக்கா. பையிலிருந்து அவருடைய புத்தகத்தை எடுத்தாள். "கேளு. 'கீழ்த்தளக் கடைசிச் சுவரே நான் நின்று போட்ட முதல் கான்கிரீட். அந்தப் பெருமையில் என் கையாலேயே தேதியைக் கீறினேன். அதன் பின் பதினோரு மாதத்தில் மூன்றாம் மாடி எழுந்தது.' இன்னொண்ணும் எழுதியிருக்கார். 'ஒரே பலகைகளைத்தான் மாடிக்கு மாடி கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். ஆணி பிடிக்கிற வரைக்கும் எந்தத் தச்சனும் பலகையைத் தூக்கிப் போடமாட்டான்.'"

பட்டாசு அதைக் காதில் வாங்கிக்கொண்டே சுவரோடு சுவராக நகர்ந்தான். முழங்கால் உயரத்தில் குந்தினான். "அக்கா, நம்மாள் இங்கேயும் இருக்கான்!"

மாறுகண் பலகை. அதே ரேகை, அதே சாய்ந்த கண். ஆனால் நேராகப் பார்த்த கண் இருந்த இடத்தில் கான்கிரீட் ஒரு கொப்புளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பலகையிலிருந்து அந்தக் கணு கழன்று விழுந்து, ஓட்டைக்குள் கான்கிரீட் புகுந்திருக்கிறது. கணுவிலிருந்து பலகையின் முனை வரைக்கும் ஒரு நீளமான வெடிப்பு. மேல் மாடியில் அந்த வெடிப்பு இல்லை. காகிதத்தில் 'கீழ்' என்று இருந்தது இதுதான்.

"பாவம், மேல் மாடியில லட்சணமா இருந்தான். இங்க பல்லு விழுந்த கிழவன் ஆயிட்டான்" என்றான் பட்டாசு. "எங்க வீட்டுலயும் என்னோட ரெண்டு போட்டோ இருக்கு. எது முன்னால எடுத்ததுன்னு யாரும் கேக்கவேண்டாம். எதுல பல்லு இல்லையோ அது அப்புறம் எடுத்தது."

அக்கா அசையாமல் நின்றாள்.

"என்னக்கா? இதுவும் நமுத்துப்போச்சா?"

"இன்னொரு தரம் சொல்லு."

"எதுல பல்லு இல்லையோ..." அவன் வாய் பாதியில் நின்றது.

பலகைக்கு இளமை திரும்புவதில்லை. விழுந்த கணு ஒட்டிக்கொள்ளாது, வெடிப்பு கூடிக்கொள்ளாது. மூன்றாம் மாடியில் முழுசாக இருந்த பலகை இங்கே உடைந்திருக்கிறது என்றால், இந்தச் சுவர் மூன்றாம் மாடிக்கு அப்புறம் எழுந்தது. முதல் சுவர் என்று புத்தகம் சொல்கிறது. பதினோரு மாதம் முந்திய தேதியை ஆணி சொல்கிறது. பலகை மட்டும் வேறு கதை சொல்கிறது.

"தேதியைப் பொய்யாக் கீறியிருக்காங்க" என்றான் பட்டாசு மெதுவாக. "எதுக்கு? சுவருக்கு வயசைக் கூட்டி என்ன லாபம்?"

"தச்சர் ஓடிப்போனது எப்போ?"

"கட்டட வேலை பாதியில... " அவன் விரல் விட்டு எண்ணினான். "மூணாம் மாடி முடிஞ்ச சமயம்."

"நேத்து நான் பார்த்த பழைய வரைபடத்துல இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கு. படம் போட்டுக் காட்டற அறை. பாறை தட்டினதால அந்த அறையைக் கைவிட்டோம்னு புத்தகம் சொல்லுது." அக்கா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். "அந்த மகன் பதினோரு வருஷம் அப்பாவுக்கு மேலேயே உட்கார்ந்து ஃபைல் தைச்சிருக்கான், பட்டாசு."

"பதிவாளரைப் பிடிக்கலாமா?"

"எதுக்கு? அவர் இந்தப் பூதத்தை அஸ்திவாரத்தோட பேர்க்கணும்கிறார். பேர்த்தா முதல்ல வெளியே வர்றது இந்தச் சுவர்தான். மறைக்க நினைக்கிறவன் இடிக்கச் சொல்வானா?" அவள் குரலை உயர்த்தினாள். "ஒரு கீறல்கூட விழக்கூடாதுன்னு சண்டை போடறவர்தான் மறைக்கிறவர். உள்ளே வாங்க சார். வாசல்ல நிழல் தெரியுது."

புரொஃபசர் உள்ளே வந்தார். பட்டாசு ஓர் உடைந்த நாற்காலிக் காலைப் பொறுக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றான். அது தேவைப்படவில்லை. கிழவர் கால் இல்லாத ஒரு மேஜையின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

"பூசியிருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்றாள் அக்கா. "செங்கல் வச்சுப் பூசியிருந்தா ரேகையே இருக்காது."

"பூசினா இதை வரைஞ்ச மேதை கொத்தி எடுத்திருப்பாரே" என்றார் புரொஃபசர். "மத்த சுவர் மாதிரியே இருக்கணும். பலகை வேணும். புதுப் பலகை கேட்டா ஏன்னு கேப்பாங்க. கையில இருந்ததை எடுத்து ராத்திரியோட ராத்திரியா நானே அடிச்சேன்."

"என்ன நடந்தது?"

"அடுத்த வாரம் ஒரு பெரிய மனுஷர் பார்க்க வர்றதா இருந்தது. கட்டடத்துக்கு வெளியே நீட்டிக் கட்டின அந்த அறையோட மேல் தளம் போட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. தளத்தைத் தாங்கற முட்டுக்கட்டைகளைப் பிரிக்கச் சொன்னேன். 'சார், தளம் இன்னும் பச்சை, தாங்காது'ன்னான் அந்தத் தச்சன். பிரிடான்னேன். மத்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நான் வாசல்ல நின்னேன். நாலாவது முட்டுக்கட்டையை உருவினான். தளம் மொத்தமா உட்கார்ந்துட்டுது."

பல்பு ஒரு தரம் கண் சிமிட்டியது.

"உடனே செத்துட்டாரா?" என்றான் பட்டாசு.

புரொஃபசர் அவனைப் பார்க்கவில்லை. "தட்டிக்கிட்டிருந்தான்" என்றார். "ரெண்டு நாள் லீவு. வேலையாள் யாரும் கிடையாது. ஆளைக் கூப்பிட்டா விசாரணை, வேலை நின்னுடும், என் பேர் போயிடும். கூப்பிடலாம், கூப்பிடலாம்னு இருந்தேன். ரெண்டாம் நாள் சாயந்திரம் நின்னுட்டுது. நின்னப்புறம்தான் சுவர் வச்சேன். நான் அவனை உயிரோட மூடலை. அவ்வளவு கெட்டவன் இல்லை நான்."

வாழ்க்கையில் முதல் தரமாகப் பட்டாசுக்கு ஒருத்தனை அடிக்கவேண்டும் என்று கை துடித்தது. நாற்காலிக் காலைக் கீழே போட்டுவிட்டான், கையில் இருந்தால் அடித்துவிடுவோமோ என்று பயந்து.

"அவர் மகன்?" என்றாள் அக்கா.

"நாலாம் மாடிப் படியில ஓடி வந்தான். சந்தோஷமா! 'சார், உங்க புத்தகத்துல ஒரு தேதி தப்பா இருக்கு, கண்டுபிடிச்சுட்டேன், கீழே வாங்க காட்டறேன், அடுத்த பதிப்புல திருத்திடலாம்'னான். காகிதத்தை மடிச்சுப் பையில வச்சான். அவனுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்கலை." கிழவர் மூச்சு விட்டார். "இன்னும் ஒரு வாரம் போனா புரிஞ்சிருக்கும். கைப்பிடிச் சுவர் அங்க ரொம்பத் தாழ்வு. அழகுக்காக அப்படி வச்சது."

"அப்புறம் இறங்கி வந்து, அவர் சாவியோட திறந்து வச்சிருந்த இந்தக் கதவைப் பூட்டி, சாவியைக் கூண்டுல மாட்டினீங்க."

"வேலை நடக்கற இடத்துல பூட்டினவுடனே சாவி ஆணிக்குப் போயிடணும். அது பழக்கம்" என்றார் புரொஃபசர். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் பழைய வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

பட்டாசு காவலாளியின் கூண்டுக்கு ஓடிப் போலீஸுக்கு போன் போட்டான்.

சாயந்திரம் நாலு மணிக்குச் சுவரில் துளை போட்டார்கள். பதிவாளர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பட்டாசு உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டாள்.

*

வீடு இரண்டே அறை. பெண் குழந்தை பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்காமல் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். தச்சரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயசு; காய்த்துப்போன கை; கட்டட வேலை செய்தே மகனை ஆளாக்கிய சித்தாள். புருஷனைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள் என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். இன்றைக்கு எழுந்து போகவில்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் குதிக்கல. தள்ளிவிட்டாங்க. தள்ளினவன் ஒத்துக்கிட்டான்" என்றாள் மருமகளிடம். அப்புறம் கிழவியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரரும் ஓடிப்போகலை. தளம் இடிஞ்சு விழுந்துட்டுது. அந்த இன்ஜினியர் சுவர் வச்சு மறைச்சுட்டான்."

மருமகள் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "கேட்டியாடி? யாரும் நம்மளை விட்டுட்டுப் போகலை. உங்கப்பாவும் போகலை, அவங்கப்பாவும் போகலை. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சத்தமாச் சொல்லு" என்றவள் அங்கேயே உடைந்து உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்த வேலை முடிந்தது என்று பட்டாசு நினைத்தான்.

"எந்தச் சுவர்?" என்றாள் கிழவி.

அக்கா தயங்கினாள். "கீழ்த்தளத்துல. கடைசிச் சுவர்."

"சரிவுல இறங்கிப் போனா நேரா எதிர்ல இருக்குமே, அதுவா?"

"ஆமாம்மா."

கிழவியின் குரல் யாருக்கோ கணக்கு ஒப்பிப்பது போல இருந்தது.

"அவரு காணாமப் போன நாலாம் நாளு அந்த இன்ஜினியர் ஆளனுப்பினாரு. புருஷன் விட்டுட்டுப் போயிட்டானாம், கைக்குழந்தையோட என்ன பண்ணுவே, வா, வேலை இருக்குன்னு. மகராசன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னிக்குக் கீழ்த்தளத்துல அந்த ஒரு சுவர்தான் வேலை. குழந்தையைப் பக்கத்துலயே தொட்டில்ல போட்டிருந்தேன். சமர்த்தாத் தூங்குச்சு." அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் அந்தச் சுவருக்கு நான்தான்மா கான்கிரீட் சுமந்தேன்."

மருமகளின் அழுகை நின்றது. குழந்தை ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள் கிழவி. "நான் சுமந்தப்போ அவரு உள்ள உசுரோட இருந்தாரா?"

பட்டாசு அக்காவைப் பார்த்தான். இரண்டு சாட்சி இல்லாமல், மழை பெய்கிறது என்றுகூடச் சொல்லாதவள் அக்கா. இதற்கு இருந்ததோ ஒரே சாட்சி. இரண்டு பேரைக் கொன்றவனின் வாய். தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று அவனைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

"இல்லைம்மா" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாலேயே போயிட்டாரு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கிழவி அவள் கண்ணையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று பட்டாசால் சொல்லமுடியவில்லை. கடைசியில் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"நல்லாச் சுமந்தேன்மா" என்றாள். "ஒரு சட்டிகூடச் சிந்தலை."